பாலத்தில் திரும்பிப் பார்த்த அக்காவுக்கு

என் செண்பகம் அக்காவுக்கு,

பேச்சி எழுதுகிறேன். முதலில் இந்தத் தாளின் மேலே "மதிப்புக்குரிய ராமநாதன் சார்" என்றுதான் எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரிகூட வரவில்லை. அதை அடித்துவிட்டு "அக்கா" என்று எழுதியதும் கை தானாக ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் இப்போது இல்லை என்பதும், நீங்கள் எந்நாளும் அக்காவாக இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இந்தக் கடிதம் 'ஓதம்' இதழில் வரப்போகிறது. ஆசிரியர் செல்வின் அண்ணன் நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் லேபைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் சீட்டை வாங்கி, டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் படித்து, குழாய்களில் பெயர் ஒட்டுவது என் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காலையில் யாரோ பெஞ்சில் ஒரு மெல்லிய புத்தகத்தை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். பம்பாயில் தமிழில் இப்படி ஒரு சிறுபத்திரிகை வருகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நனைந்து ஒட்டியிருந்த பக்கங்களை ஊதி ஊதிப் பிரித்தேன். அதில் நீங்கள் இருந்தீர்கள்.

ரயிலில் தூங்கிப்போனவளின் தலை
என் தோளில் இருந்தது.
முலுண்ட் வந்தது.
நான் இறங்கவில்லை.

அவ்வளவுதான் கவிதை. கீழே 'செண்பகம்' என்று பெயர். அன்று சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறி, லேடீஸ் டப்பாவில் நசுங்கி நின்றபோது, உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணின் தோளையும் பார்த்தேன். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று. வெளியே மழையில் எல்லா விளக்கும் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. சயான் வந்ததும் நான் வழக்கம்போல இறங்கிவிட்டேன். ஆனால் இறங்காமல் போன ஒருத்தி எனக்குள் உட்கார்ந்து போய்க்கொண்டே இருந்தாள்.

உங்களுக்கு எழுதினேன். தாராவியில் என் வீடு, வீட்டுக்காரர் வேலை செய்யும் தோல் பைப் பட்டறை, இப்போது ஒன்பதாவது படிக்கிற, தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத மகள், எல்லாவற்றையும் எழுதினேன். பத்திரிகை முகவரிக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வராது என்றுதான் நினைத்தேன். பதினெட்டாம் நாள் வந்தது. "அன்புத் தங்கச்சி பேச்சிக்கு" என்று தொடங்கியிருந்தீர்கள். அக்கா தங்கை இல்லாமல் பிறந்தவள் நான். அந்த ஒரு வரியைக் குடிதண்ணீர் பிடிக்கும் நேரத்தில் நாலு தடவை படித்தேன். குடம் நிரம்பி வழிந்தது.

"நீ எனக்கு எழுதுகிறதையே ஏன் கவிதையாக எழுதக்கூடாது?" என்று மூன்றாவது கடிதத்தில் கேட்டீர்கள். எழுதினேன். 'ஓதம்' அதைப் போட்டது. மாதம் ஒரு ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தேன். எழுதுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குழந்தைகள் உட்காரும் சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்போம். செண்பகம் அக்கா மட்டும் வரவே மாட்டாள். "அவங்க வெளிய வரமாட்டாங்க, போனும் கெடையாது. லெட்டர் இருந்தா ராமநாதன் சார்கிட்ட குடு பேச்சி, அவர் சேத்துருவாரு" என்பார் செல்வின் அண்ணன்.

ராமநாதன் சார் என்றால் முலுண்டிலிருந்து வருகிறவர். எழுத மாட்டார், பேச மாட்டார். இதழ்களை மடித்து உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பவர். எல்லோருக்கும் டீ ஊற்றித் தருவார். என் கடிதத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பீர்கள். "நன்னா கனமா இருக்கே பேச்சியம்மா, ரெண்டு ஸ்டாம்பு ஒட்டணும் போலிருக்கே" என்று சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன்.

உங்களுக்கு ஒரு முகம் செய்து வைத்திருந்தேன், அக்கா. இடப்பக்கம் சின்னதாக மூக்குத்தி. காதோரம் நரை. கத்தரிப்பூ நிறச் சேலை. பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம். உங்களுக்கு ஒரு ஜன்னலும் கொடுத்தேன். அதன் வழியே மான்குர்த் பக்கத்து உப்பளமும் அதற்கு மேலே ஆகாயமும் தெரியும். மத்தியானம் லேபில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணைச் சாய்த்தால், அந்த ஜன்னலில் சாய்ந்து நீங்கள் என் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தையும் எழுதினேன். ஏழாம் மாதத்தில் போன என் மூத்த பிள்ளையைப் பற்றி. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு என்ன பெயர் என்றார்கள். நான் வைத்திருந்தேன். மனசுக்குள்ளேயே கூப்பிட்டு வந்தேன். புருஷனுக்கும் தெரியாது. உங்கள் ஒருத்திக்குத்தான் எழுதினேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் படிக்கிற இடம் இது. நீங்கள் பதிலில், "நீ சொன்ன பெயரை இன்று காலை ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன். நல்ல பெயர்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே அழுதேன்.

பிறகு அந்த உறை வந்தது. அதுவரை இதழின் உறையில் அச்சடித்த முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்த மாதம் என்ன காரணமோ, கையால் எழுதி வந்தது. "பேச்சியம்மாள்." மூன்று மெய்யெழுத்து, மூன்று புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டமாகச் சுழித்திருந்தது. கிறுக்கலைப் படித்துச் சோறு தின்கிறவள் நான். உங்கள் கடிதக்கட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். எல்லாப் புள்ளியும் வட்டம். செல்வின் அண்ணனுக்குப் போன் போட்டு, "கவர்ல அட்ரஸ் எழுதுதது யாரு?" என்று கேட்டேன். "நம்ம ராமநாதன் சார்தான். ஏன், தப்பா எழுதிட்டாரா?" என்றார்.

தப்பாக எழுதவில்லை என்றேன்.

அடுத்த கூட்டம் முடிந்து நீங்கள் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறினீர்கள். கையில் குடை, தோளில் பை. பின்னால் பத்தடி விட்டு நான் வந்தேன். மழை விட்டு வெயில் அடித்த நேரம். பாலத்துத் தகரத்திலிருந்து ஆவி எழுந்து எல்லாம் கனவுபோல அசைந்தது. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

எத்தனையோ பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை. நீங்கள் திரும்பினீர்கள்.

என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் வெளுத்துப்போனது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எத்தன நாளா சார்?"

"மொதல்லேருந்தேம்மா."

"எங் கையிலயிருந்தே லெட்டர வாங்கிட்டுப் போனீய. ஸ்டாம்பு ஒட்டணும்னு சிரிச்சீய. எப்படி சார் மனசு வந்துச்சு?"

"சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு வாட்டியும் வருவேன். சொன்னா ஒனக்கு அக்கா போயிடுவாளேன்னு..." முடிக்கவில்லை நீங்கள்.

"எம் புள்ள பேரு ஒங்களுக்குத் தெரியும்லா?"

தலையை ஆட்டினீர்கள்.

"அத மறந்துருங்க."

"ஆகட்டும்மா" என்றீர்கள். கீழே வண்டி வந்து நின்று, கிளம்பியும் போனது. நீங்கள் அதில் ஏறவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கூட்டத்துக்கு வரவில்லை. எழுதவுமில்லை. செல்வின் அண்ணன் போன் செய்தால் எடுப்பதில்லை. எல்லாம் தெரிந்திருந்தும் என்னிடம் மறைத்தாரே என்று அவர் மேலும் கோபம். ஆனால் ஒன்று சொல்கிறேன். கோபமெல்லாம் ராமநாதன் சார் மேல்தான். செண்பகம் அக்கா செத்துப்போன மாதிரி துக்கம். ரயிலில் கத்தரிப்பூ நிறச் சேலை ஒன்று ஏறினால், மூன்று பேர் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து நாலாவது ஆளுக்கு இடம் விடுவேன். யாரோ உட்காருவார்கள். நீங்கள் இல்லை.

உங்கள் மரணச் செய்தி 'ஓதம்' வாட்ஸ்அப் குழுவில் வந்தது. லேப் கவுண்டரில் நின்று படித்தேன். "நம் ராமநாதன் சார் காலமானார்." எதிரே ஒரு பெரியவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றார். அவர் பெயரைக் குழாயில் ஒட்டினேன். முலுண்டுக்கு எல்லோரும் போனார்கள். நான் போகவில்லை. எந்த முறையில் போய் நிற்பது? தங்கச்சி என்றா?

இரண்டு மாதம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"பேச்சியம்மாள்ங்கறது நீங்கதானா? நான் முலுண்ட்லேருந்து மிஸ்ஸஸ் ராமநாதன் பேசறேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். செண்பகம்ங்கறவ யாரு?"

அவரே தொடர்ந்தார். "எங்காத்து மனுஷரோட அலமாரியில ஒரு பை நெறைய லெட்டர் இருக்கு. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவள், ஸ்கூல்ல ஹிந்தியும் மராட்டியும்தான். கீழ் ஃப்ளாட் மாமாகிட்ட காட்டினேன். மேலேயும் பின்னாலயும் எழுதியிருந்த பேரை மட்டும் வாசிச்சார், செண்பகம்னும் பேச்சியம்மாள்னும். உள்ளே வாசிக்கறேன்னார். வேண்டாம்னுட்டேன். பின்னால ஒங்க நம்பர் இருந்தது. நம்பர் வாசிக்கத் தெரியுமே."

வேறு யாராவது என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருப்பார்கள். அவர் படிக்கவிடவில்லை. அந்த ஒன்றுக்காகவே, "நேர்ல வாரேன் மாமி" என்றேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. மத்தியான வண்டியில் கூட்டமில்லை. முலுண்ட் போகும் வழியெல்லாம் மழை. விக்ரோலி தாண்டியதும் கண்ணை இழுத்துக்கொண்டு போனது. தூக்கத்தில், நான் போகிற வீட்டுக் கதவைத் திறப்பது மூக்குத்தி போட்ட என் அக்காதான் என்று தோன்றியது. கதவைத் திறந்தது லலிதா மாமி. ஒல்லியாக, நேராக, பெரிய மூக்குக்கண்ணாடி.

காப்பி கொடுத்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். என் கடிதங்கள். அடியில் 'ஓதம்' இதழ்கள்.

"நாப்பத்தோரு வருஷம்" என்றார் மாமி. "நேரே சொல்லு. ஒளிக்காதே. அவ எங்கே இருக்கா? குழந்தை ஏதானும் உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம், அக்கா. ஒரு செண்பகத்தை வெளியூரில் வாழவைத்துச் சாகடித்திருக்கலாம். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் உட்கார்வார்கள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மாமியின் மடியில் பைகூட இல்லை.

"மாமி, செண்பகம்னு ஒரு பொம்பள இல்ல. செண்பகம் சார்தான்."

"எந்த சார்?"

"ஒங்க சாருதான். அந்தப் பேருல கவித எழுதுனாவ. எனக்கு அக்கா மாதிரி லெட்டரும் எழுதுனாவ. நானும் பொம்பளன்னு நெனச்சுத்தான் இத்தனையும் எழுதியிருக்கேன்."

மாமி ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நம்புகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு இதழை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வாசி" என்றார்.

ரயில் கவிதையைத்தான் முதலில் வாசித்தேன். "முலுண்ட் வந்தது. நான் இறங்கவில்லை" என்று முடித்தேன். மாமி நிமிர்ந்தார்.

"இது நானாக்கும்! ஆபீஸ்லேருந்து வரச்சே நடந்தது. காலேஜ் பொண்ணு ஒருத்தி, என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. வந்து இவர்கிட்ட சொன்னேன்." சட்டென்று முகம் மாறியது. "ஆனா அவளை எழுப்ப மனசில்லாம ஒண்ணும் இருக்கலை, கேட்டியா? நானும் தூங்கிட்டேன்! டோம்பிவிலியில ஒரு மீன்காரிதான் ரெண்டு பேரையும் எழுப்பிவிட்டா. இவர் பாட்டுக்கு என்னைப் பெரிய தியாகி ஆக்கி வெச்சிருக்காரே!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உங்கள் கவிதை அவர் வாயில் வேறாகிவிட்டது, அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது.

ஒவ்வொன்றாக வாசித்தேன். சில கவிதைகளுக்கு மாமி தலையை ஆட்டினார். சிலவற்றுக்கு, "நான் அழலை, வெங்காயம்" என்றார். "நான் சொன்னதையெல்லாம் எழுதி ஊருக்குக் காட்டியிருக்கார். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டாரா? என் பேரையாவது போட்டாரா?" என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. பாலத்தில் நானும் அதே கோபத்தில்தானே நின்றேன். உங்கள் பக்கம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிறகு இதை வாசித்தேன்.

உப்பு டப்பாவைத் திறந்தேன்.
எதற்குத் திறந்தேன் என்பது மறந்தது.
அந்த இரண்டு நிமிஷம்
நான் யாருடைய மனைவியும் இல்லை.

"இன்னொரு தரம்" என்றார் மாமி. வாசித்தேன்.

"இதை நான் அவர்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் மெதுவாக. "யார்கிட்டயும் சொன்னதில்லை. அவர் ஹால்ல பேப்பர் வாசிச்சிண்டிருப்பார்னு நெனச்சேன்."

எழுந்து அடுக்களைக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை. எப்படித் தெரிந்தது உங்களுக்கு? ஹாலில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு பார்த்தீர்கள்? பார்த்ததை ஏன் அவரிடம் சொல்லாமல், செண்பகத்திடம் சொன்னீர்கள்?

மாமி இல்லாத அந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எல்லா இதழ்களையும் புரட்டி, நான் உங்களுக்கு எழுதிய பிறகு வந்த ஒவ்வொரு கவிதையையும் படித்தேன். என்னுடையது ஏதாவது இருக்கிறதா என்று. ஒன்றரை வருஷமாக என்னைத் தின்ற பயம் அது. என் வீடு இல்லை. என் மகள் இல்லை. என் பிள்ளை இல்லை. ஒரு வரிகூட இல்லை. வீட்டில் இருப்பவரைக் கேட்காமல் எழுதிய நீங்கள், நான் கொடுத்ததைத் தொடவே இல்லை.

என் கடிதங்களையும் தேதி பார்த்து அடுக்கினேன். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர. பெயர் எழுதிய அந்தக் கடிதம் பையில் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை மாமியோடு சேர்ந்து அலமாரியிலும் தேடினேன். மறந்துருங்க என்று நான் சொன்னதற்காகக் கிழித்துப் போட்டீர்களா? கடிதத்தைக் கிழித்தால் பெயர் மறக்குமா? மறந்தீர்களா, அக்கா?

நான் பாலத்தில் இறங்கிப் போன மாதத்துக்குப் பிறகு எந்த இதழிலும் செண்பகம் இல்லை. மாமி திரும்பி வந்து உட்கார்ந்து, தானாகவே சொன்னார். "கடைசி ஒண்ணரை வருஷம் இவர் ஒண்ணும் எழுதினதா நான் பாக்கலை. பால்கனியில சும்மா ஒக்காந்திண்டிருப்பார். வயசாச்சு, அதான்னு நெனச்சேன்." அது என்னால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி என் கை மேல் கையை வைத்து, "அடுத்த புதன்கிழமை வருவியோன்னோ? மிச்சம் இருக்கே" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். பதினேழு வருஷம் கழித்து. அவர் பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டு, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். ஒரு தடவை அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு மறுபடி தைத்தார். நீங்கள் சொன்ன அன்றைக்கு அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அடுத்த மூன்று புதன்கிழமைகளும் முலுண்டுக்குப் போனேன். செல்வின் அண்ணன் உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைக்க வேண்டும் என்றார். செண்பகம் யார் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். "சார்க்கு வாக்குக் குடுத்திருக்கேன் பேச்சி. சொன்னா எத்தன பேரு மனசு ஒடயும்? சொல்லலன்னா அதுவும் ஒரு பொய்தான?" என்றார். "மாமியைக் கேளுங்க" என்றேன். மாமி, "நான் வந்து பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மாமியை மட்டும் வாத்தியார் நாற்காலியில் உட்காரவைத்தோம். அன்றைக்கு நான் டீ ஊற்றினேன். இரண்டு பேர் உங்களைப் பற்றிப் பேசினார்கள். தபால் வேலையைக் கச்சிதமாகச் செய்தவர், அமைதியான மனிதர் என்றார்கள். "மாமி, ரெண்டு வார்த்த பேசுங்க" என்றார் செல்வின் அண்ணன். மாமி எழுந்து நின்றார்.

"எனக்குப் பிரசங்கம் ஒண்ணும் தெரியாது. ஒங்க பத்திரிகையில செண்பகம்னு எழுதினது எங்காத்து மனுஷர்தான். அதிலே இருக்கறதெல்லாம் எனக்கு நடந்தது. எழுதினது அவர், நடந்தது எனக்கு. அந்தப் பேரு யாருதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லலை, அது அவரோடயே போயிடுத்து."

மான்குர்த்திலிருந்து வருகிற ஜெனிபா எழுந்தாள். கதைகள் எழுதுகிறவள், உங்களுக்குத் தெரியும்.

"இது என்ன ஞாயம்? நான் செண்பகத்தைப் படிச்சிட்டுத்தான் பேனாவத் தொட்டேன். நம்மள மாதிரி ஒரு பொம்பள எழுதுறாளேன்னுதான் தொட்டேன். எல்லாம் ஜூட்டா, பொய்யா? இப்ப நான் என்ன செய்ய?"

"பேனாவைத் தொட்டேளோல்லியோ?" என்றார் மாமி. "அதை விட்டுடாதேங்கோ."

ஜெனிபா சமாதானம் ஆகவில்லை. கொடுத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டாள். அவள் கோபம் ஞாயமானது, அக்கா. எனக்கு மாமி கிடைத்தார். அவளுக்கு யார் கிடைத்தார்கள்? செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. காத்திருக்கிறேன்.

மாமி சொல்லச் சொல்ல நான் எழுதியதும் இந்த இதழிலேயே வருகிறது. ரயிலைப் பற்றியதுதான். கவிதையா கட்டுரையா என்று செல்வின் அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னமோ ஒண்ணு, பேரு மட்டும் லலிதா ராமநாதன்னு போடச் சொல்லு" என்றார் மாமி. நானும் மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒன்று தேறினால் பத்து தேறுவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு விஷயம் நடந்தது. செல்வின் அண்ணன் ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "செண்பகம் அக்காவுக்கு, ரொம்ப நாளாக உங்கள் கவிதை வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டிருந்தாள். செய்தி இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதை முலுண்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமி பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"என்ன எழுத மாமி?" என்று கேட்டேன்.

மாமி கையிலிருந்த வேட்டியை மடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லை, ஆள்தான் இல்லைன்னு எழுது. நேர்ல வந்தா எல்லாம் சொல்றேன், சாப்பிடாம வரணும்னும் எழுது."

அப்படியே எழுதினேன். கீழே மாமி ஹிந்தியில் கையெழுத்துப் போட்டார். நான் தமிழில் போட்டேன்.

உங்கள் பெயருக்கு இனி எத்தனை கடிதம் வந்தாலும் ஒன்றுக்கும் பதில் இல்லாமல் இருக்காது, அக்கா. யார் எழுதுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுவோம். அது என் வாக்கு. நீங்கள் அங்கே பால்கனியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். எழுதுங்கள்.

பாலத்தில் திரும்பிப் பார்க்காமல் போன,
உங்கள் தங்கச்சி
பேச்சி